ராத்தங்கல்

கீர்த்தி என்கிற பெண்ணைக் கலா நேரில் பார்த்ததே கிடையாது. தாம்பரத்தில் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் டூருக்கு அனுப்பி வைப்பது அவள் உத்தியோகம். எங்கே போக வேண்டும், யார் யார் வருகிறார்கள், யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுக்கொண்டு, வண்டி, ரூம், சாப்பாடு எல்லாவற்றையும் அவளே கோத்துக் கொடுத்துவிடுவாள். ஒரகடத்தில் வேலை செய்கிற மகன் விஜய்தான் நம்பர் கொடுத்தான். அவன் கம்பெனி ஆட்கள் மூணாறு போய் வந்தது இவள் போட்டுக் கொடுத்த பிளானில்தானாம். கம்பெனிப் பையன்களை அனுப்புவதும் ஆனைப்பூண்டிப் பெண்களை அனுப்புவதும் ஒன்றில்லை என்று அவனுக்கும் தெரியவில்லை, அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவள் நம்பரை மாற்றிக்கொண்டு ஓடியிருப்பாள்.

ஆடி பிறந்து கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய செடிகளைப் புளியமரத்து நிழலில் போராகப் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வது பெண்கள் வேலை. செடியின் தூரைப் பிடித்து ஒரே இழுப்பில் காயை உருவிக் கூடையில் போட வேண்டும். நகக்கண்ணில் மண் ஏறி விரலெல்லாம் எரியும். வாய்க்கு மட்டும் வேலை இல்லை. அதனால் மகளிர் குழுவின் டூர் விஷயம் முழுக்க அந்தப் புளியமரத்தடியில்தான் நடந்தது. கலா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கடலைக் குவியல் மேல் வைத்தாள்.

"குட் மார்னிங் மேடம். வியாழக்கிழமை காலைல கிளம்பறோம். ஃபர்ஸ்ட் டே மதுரை, நைட் ஸ்டே. செகண்ட் டே ராமேஸ்வரம், நைட் ஸ்டே. தேர்ட் டே கன்னியாகுமரி, நைட் ஸ்டே. ஓகேவா மேடம்?"

"வியாயக்கெயமையா?" என்றாள் சொக்கம்மாள். குழுவில் அவள்தான் மூத்தவள், தலைமையும் அவள் பேரில்தான். "தெக்கால சூலம்மே. வெளங்குமா அது?"

"சூலம்னா கோயிலா மேடம்? அதையும் ரூட்ல சேர்த்துடலாம்."

புளியமரமே அதிர்கிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். கலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை தெற்குப் பக்கம் சூலம், அந்தத் திசையில் பயணம் வைக்கக்கூடாது என்று அவள்தான் அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னாள்.

"ஓ, சரி மேடம். அப்ப புதன்கிழமைக்கு மாத்திடறேன்."

இது முதல் மாற்றமும் இல்லை. முதலில் ரயில் என்றுதான் போட்டாள். ரயிலில் கக்கூஸ் ஆடும், நான் வரமாட்டேன் என்று சொக்கம்மாள் சொன்னாள். வேன் என்று மாற்றினாள். வேனில் முன் சீட்டு கொடுத்தால்தான் வருவேன், இல்லாவிட்டால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவேன் என்றாள் எல்லம்மாள். இவள் கலாவுக்கு எதிர்வீடு, வாய்க்காரி. காலையில் இட்லி கொடுத்தால் பசி தாங்காது, சோறு போடச் சொல் என்று ஒருத்தி. கோயிலுக்குப் போகிற வண்டியில் கருவாட்டு வாசனை வரக்கூடாது என்று இன்னொருத்தி. இத்தனையையும் கலா ஒவ்வொன்றாகப் போனில் சொல்வாள். அந்தப் பெண்ணும் "நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்" என்பாள். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு முழித்தது கலாதான். டூர் வேண்டும் என்று பங்குனி மாதம் முதலில் வாயைத் திறந்தவள் அவள், அதனால் எல்லார் குறையும் அவள் தலையில்.

அவளுக்கு ராமேஸ்வரமும் வேண்டாம், கன்னியாகுமரியும் வேண்டாம். அதை யாரிடமும் சொல்லவில்லை. கீர்த்தி சொன்னாளே "நைட் ஸ்டே" என்று, அதுதான் வேண்டும். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அவள் இன்னொரு இடத்தில் ராத்தங்கியதில்லை. தாய்வீடு பக்கத்து ஊர், நடந்தே போய்த் திரும்பிவிடலாம். விஜய் பிறந்தபோது உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது ஒரு கணக்கா? மற்ற எல்லா நாளும் கறவை மாடு. இருட்டு பிரிவதற்குள் எழுந்து சாணி அள்ளி, மடி கழுவி, பால் பீய்ச்சி, சொசைட்டி வண்டி வருவதற்குள் கேனைத் தெருமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். புருஷன் பஞ்சாட்சரம் கை வைத்தால் மாடு உதைக்கும். உதைக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவன் இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டான்.

இந்த ஆடியில்தான் ஒரு மாடு பால் வற்றி நிற்கிறது, இன்னொன்று நிறைசினை. இரண்டும் சேர்ந்து வற்றி நிற்பது லேசில் வாய்க்காது. கன்று போட்டுவிட்டால் மறுபடியும் அதே பாடு. குழுவிலும் அப்படித்தான், கடலை முடிந்து சம்பா நாற்று விடுகிறவரைதான் எல்லாருக்கும் கை ஓய்வு. அதற்குள் எங்கேயாவது போய், ஏதாவது ஒரு ரூமில் படுத்து, வெயில் வந்த பிறகு எழுந்து, வேறு யாரோ போட்ட டீயைக் குடிக்க வேண்டும். இதுதான் அவள் ஆசை. பெரிய ஆசையா இது? கேட்கிறவர்களுக்கு அப்படித் தெரியாது. அவளுக்கு அது பெரியது.

புதன்கிழமை என்று முடிவாகி, எல்லாரும் தலையாட்டி, துணிமணி துவைக்க ஆரம்பித்த நேரத்தில்தான் கோயில் கூட்டம் நடந்தது. பஞ்சாட்சரம் போயிருந்தான். பொழுது சாய்ந்து வந்தவன் கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். கலா களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டான். தட்டில் கை கழுவுகிற சமயத்தில் சொன்னான்.

"வர செவ்வாக்கெயம ஆத்தாளுக்குக் காப்பு கட்றாங்க."

கலா குழம்புச் சட்டியை அப்படியே வைத்துவிட்டாள். "ஆடிக் கடைசிலதானே கட்டுவாங்க வயக்கமா?"

"பம்பைக்காரருக்கு அந்த வாரந்தான் காலியாம். மத்த வாரமெல்லாம் வேற வேற ஊருல ஒத்துக்கினு கீறாரு. பம்பை இல்லாம ஆத்தாள எப்டி அயைக்கறது?"

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? எல்லாரும் சரின்னாங்க, நானும் கையத் தூக்கினேன்."

"புதன்கெயம நாங்க கெளம்பறோம். அது உனுக்குத் தெரியுந்தானே மாமா?"

பஞ்சாட்சரம் யோசித்தான். பொய் சொல்கிற ஆள் இல்லை அவன், அதுதான் இன்னும் எரிச்சல். "தெரியும். அந்த நேரத்துல ஞாபகத்துல வர்ல."

ஞாபகத்தில் வரவில்லையாம். சண்டை போட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். ஞாபகத்தில் வராததை எதைக் கொண்டு அடிப்பது?

ஆனைப்பூண்டியில் காப்புக் கட்டு என்றால் விளையாட்டில்லை. அம்மன் கையிலும் பூசாரி கையிலும் மஞ்சள் கயிறு கட்டி, நாலு எல்லையிலும் வேப்பிலை செருகிவிட்டால், திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிறவரை ஊரில் இருக்கிறவர்கள் வெளியே ராத்தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ராத்திரி தலை சாய்ப்பது எல்லைக்குள் இருக்க வேண்டும். கட்டுகிற நேரத்தில் யார் ஊருக்கு வெளியே இருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை. ஒரகடத்தில் ஷிப்டு பார்க்கிற பையன்களெல்லாம் அப்படித்தான் தப்பிக்கிறார்கள்.

"ஒரு நாளாவது வேற எடத்துல படுத்து எந்திரிக்கணும்னு கீது மாமா" என்றாள் கலா. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"வூட்ல கட்டிலு கீது, ஃபேனு கீது. அங்க போயி இன்னா பண்ணப்போற?" என்று உண்மையாகவே கேட்டான் பஞ்சாட்சரம். அதோடு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான்.

மறுநாள் கீர்த்திக்குப் போன் போட்டாள்.

"எம்மா, ஊர்ல காப்பு கட்றாங்க. புதன்கெயம வர முடியாது."

"காப்புன்னா கையில போடறதா மேடம்? டூர் முடியறவரைக்கும் கழட்டி வச்சுட்டு வரலாமே?"

"ஐயோ, எங்கையில இல்லம்மா, சாமி கையில. கட்டிட்டா யாரும் ஊர வுட்டுப் போயி ராத்தங்கக்கூடாது."

"லாக்டவுன் மாதிரியா மேடம்?"

கலாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "ஆமாம்மா. ஆத்தா போடற லாக்டவுனு."

"அப்ப லாக்டவுன் போடறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டா? திங்கட்கிழமை வேன் ஃப்ரீயாதான் இருக்கு மேடம்."

இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது என்று கலாவுக்கு ஆச்சரியம். கட்டுகிறபோது ஊரில் இல்லாதவர்களுக்குக் கட்டே இல்லையே! கிழக்கே போனால்தான் திங்களுக்குச் சூலம், தெற்கே தாராளமாகப் போகலாம். ஓட்டமும் நடையுமாகப் புளியமரத்தடிக்கு வந்து மூச்சு வாங்கச் சொன்னாள்.

ஒருத்தியும் செடியைக் கீழே வைக்கவில்லை.

"திங்கக்கெயமையா? அப்ப கூளு காச்சறது யாருமே?" என்றாள் சொக்கம்மாள். "பால்கொடம் எடுக்கறது யாரு? எங்க மருமவப்புள்ள காப்பன்னிக்கு வராரு, அவுருக்குப் பொங்கிப் போடறது யாரு?"

"ஆம்பளைங்க காச்சட்டுமே அத்த, ஒரு வருசம்."

"காச்சுவாங்க, காச்சுவாங்க. ஆத்தாளுக்கே வயித்தால போவும்" என்றாள் எல்லம்மாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவளே சொன்னாள்: "ஏம்மே, இவ்ளோ பேஜாரு எதுக்கு? ராத்தங்கக்கூடாது, அவ்ளோதானே? பகல்ல போறத்துக்கு ஆத்தா ஒண்ணியும் சொல்லல. காப்பு கட்டினப்பால வர ஞாயித்துக்கெயம விடிகாலைல கெளம்புவோம். மாபலிபுரம் பாப்போம். புளிசோறு கட்டிக்கினு போவோம். பொய்து சாய வூட்டுக்கு வந்துடுவோம்."

"தே, நல்லாத்தான் கீது" என்றாள் சொக்கம்மாள். "ரூமும் வாணாம் ஒண்ணியும் வாணாம். கக்கூஸு தொல்லையும் இல்ல."

"மாபலிபுரமா?" என்றாள் கலா. "இத்தினி மாசமா ராமேஸ்வரம் ராமேஸ்வரம்னுட்டு, தோ இங்க கீற மாபலிபுரமா? அதுக்கு ஒரு டூரு, அதுக்கு ஒரு வேனா?"

"அங்கியும் கடலு, இங்கியும் கடலு. கடலு கடலுதானேமே" என்றாள் எல்லம்மாள்.

"எனக்குக் கடலு வாணாம்க்கா." அடக்கி அடக்கி வைத்திருந்தது அப்படியே வெளியே வந்துவிட்டது. "எனக்கு வெளிய ராத்தங்கணும்."

காய் உருவிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. பிறகு எல்லம்மாள் கேட்டாள்: "யாரு கூடமே?"

அவ்வளவுதான். கடலைச் செடியை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சொக்கம்மாள் முதுகை வளைத்து இருமி இருமிச் சிரித்தாள். "பஞ்சாட்சரம் பாவம்பா" என்றாள் ஒருத்தி. "அவுருக்கு ஞாபகத்துல இருக்காது, வுடு" என்றாள் இன்னொருத்தி. அது சும்மா சொன்னதுதான், ஆனால் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. கலா கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு காய் உருவ ஆரம்பித்தாள். முகம் எரிந்தது. இவர்களில் யாராவது ஒருத்தி ஒரு ராத்திரி தன் அடுப்பைப் பார்க்காமல் தூங்கியிருப்பாளா? யாருக்கும் அது தோன்றவே இல்லை என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது, சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்தார்கள்.

சாயங்காலம் கீர்த்தியே கூப்பிட்டாள். "மேடம், சூப்பர்! ஒன் டே மாமல்லபுரம், ஞாயிற்றுக்கிழமை. எல்லம்மாள் மேடம் கால் பண்ணிக் கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க. முன் சீட்டும் அவங்களுக்கு பிளாக் பண்ணிட்டேன்."

"எல்லம்மாவா? என்னக் கேக்காம எப்டிம்மா மாத்துன?"

"குரூப்ல எல்லாருமே அதுதான் கேக்கறாங்கன்னு சொன்னாங்க மேடம். குரூப் டூர்னா மெஜாரிட்டி பார்த்துதான் நாங்க..." என்று இழுத்தவள், கலாவின் பக்கத்தில் சத்தமே இல்லாததால், "ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

கலா போனை வைத்துவிட்டாள். ஊர் சொன்னது, பம்பைக்காரர் சொன்னார், எல்லம்மாள் சொன்னாள், மெஜாரிட்டி சொன்னது. எல்லாரும் சொன்னதற்கு அவள் ஒருத்தி போன் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு மாட்டுக்குத் தீனி வைக்கும்போது காரணமே இல்லாமல் அதை ஒரு அடி அடித்தாள். பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமை வெயில் கொளுத்தியது. மேற்கே மேகம் கட்டுவதும் கலைவதுமாக இருந்தது. கலா வீட்டை மெழுகினாள். வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டினாள். கூழுக்குக் கேழ்வரகு மாவு கரைத்துப் பானையில் புளிக்க வைத்து வெள்ளைத் துணியால் வேடு கட்டினாள். முருங்கைக்கீரையை உருவி முறத்தில் போட்டாள். தவிடும் புண்ணாக்கும் ஊற வைத்தாள். எல்லாம் முடித்துக் குளித்து, நல்ல புடவை ஒன்று உடுத்திக்கொண்டு, டூருக்கென்று அடுக்கி வைத்திருந்த பையை எடுத்தாள். ஆண்கள் எல்லாரும் கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டில் எல்லம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்கமே பைய தூக்கிக்கினு? காப்பு கட்ற நேரம்."

"அதான் போறேன்" என்றாள் கலா.

எல்லம்மாள் மாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். புரிந்ததும் வாயைத் திறந்தாள், ஆனால் இந்த முறை அவளுக்குக் கேலி எதுவும் கிடைக்கவில்லை.

ஏரிக் கலங்கல் தண்ணீர் போகிற கால்வாய்தான் ஊருக்குக் கிழக்கெல்லை. அதன் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டினால் உத்திரமேரூர் போகிற பஸ் நிற்கிற இடம், நிழலுக்கு ஒரு வேப்பமரம். கலா பாலத்தைத் தாண்டி மரத்தடியில் நின்றாள். யாராவது இரண்டு பேராவது வருவார்கள் என்று ஒரு நப்பாசை இருந்தது. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது பஞ்சாட்சரம்தான், டிவிஎஸ் வண்டியில், இடுப்பில் மஞ்சள் வேட்டியோடு. பாலத்துக்கு ஊர்ப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினான். தாண்டினால், அதற்குள் காப்பு கட்டிவிட்டால், அவன் வெளியாள் ஆகிவிடுவான்.

"இன்னாமே இது?" என்று அங்கிருந்தே கத்தினான். "ஊரே சிரிக்கும்!"

"கடல ஆயறப்பவே சிரிச்சாச்சு."

"கூளு காச்ச வாணாமா?"

"மாவு புளிச்சிக்கினு கீது. அடுப்ப மூட்டிக் கிண்டு. கட்டி தட்டாம கிண்டு."

"மாடு?"

"தீனி ஊற வெச்சிட்டேன். பால் வத்திப்போன மாடு, உன்ன உதைக்காது."

பஞ்சாட்சரம் வண்டியின் ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டு நின்றான். கோபமா, பயமா, அவனுக்கே புரியாத முகம். கடைசியில், "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல கலா?" என்றான்.

"பங்குனிலேருந்து சொல்லிக்கினுதான் கீறேன் மாமா. உனுக்கு ஞாபகத்துல வர்ல."

கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கிளம்பியது. முதலில் ஒரு தட்டு, சரிபார்க்கிற மாதிரி. பிறகு விடாமல். பஞ்சாட்சரம் திரும்பிப் பார்த்தான், மறுபடி இவளைப் பார்த்தான். வண்டியின் முன் சக்கரம் பாலத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவன், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் தாண்டி வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கலாவுக்குத் தெரியாது.

குலவைச் சத்தம் கேட்டது. கட்டிவிட்டார்கள். கலா கன்னத்தில் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம், ஞாயிற்றுக்கிழமை வேன் எல்லாம் ரெடி."

"அதுல நான் வர்லம்மா. ஒரு பொம்பள தனியா போனா ரூமு குடுப்பாங்களா?"

அந்தப் பக்கம் பின்னால் யாரோ சிரிப்பதும் போன் அடிப்பதும் கேட்டது.

"குடுப்பாங்கக்கா" என்றாள் கீர்த்தி. முதன்முதலாக அக்கா என்றாள். "நான் போட்டுத் தரேன். எங்கக்கா போறீங்க?"

"ராமேஸ்வரமே போடு. செங்கல்பட்டுல ரயிலு ஏறிக்கிறேன்."

"சரிக்கா. எத்தனை நைட் ஸ்டே?"

பாலத்தின் கைப்பிடியில் யாரோ ஓடிவந்து வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டுப் போனார்கள். தூரத்தில் பஸ் வருகிற புழுதி தெரிந்தது. கலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"காப்பு அவுக்கற வரைக்கும்" என்றாள்.